மண்ணின் வில்லங்கம்: என்விரான்மென்டல் ட்யூ டிலிஜென்ஸ் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் இடம் வாங்குகிறவர்களுக்குத் தாள் பார்ப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆதாரம் (பத்திரம்), முன்னாதாரம் (முந்தைய பத்திரம்), கரம் (நிலவரி) கட்டிய ரசீது, போக்குவரவு (வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றம்), கைவச (அனுபவ) சர்டிபிகேட், குடிக்கட சர்டிபிகேட் என்று வரிசையாகக் கேட்டு வாங்கிவிடுவார்கள். குடிக்கட என்பது நம் வில்லங்கச் சான்றுதான். பாலக்காட்டுப் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் பத்திரத்தை மலையாளத்தில் படித்துப் பழகியவர்கள். இரண்டு மொழியிலும் எங்கே ஏமாறலாம் என்று தெரிந்தவர்கள்.

அப்படிப்பட்டவர்களையே தயங்க வைக்கும் ஒரு சொல் இப்போது வங்கிக் கடிதங்களில் வருகிறது. பாலக்காட்டின் தொழிற்பகுதியான கஞ்சிக்கோட்டில் பழைய ஷெட்டோடு ஒரு ஏக்கர் வாங்கப் பெரிய கடன் கேட்டால், அல்லது வெளிநாட்டுப் பங்குதாரர் ஒருவர் கூட இருந்தால், "என்விரான்மென்டல் ட்யூ டிலிஜென்ஸ் ரிப்போர்ட் வேண்டும்" என்கிறார்கள். மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்த தொழில் நகரங்களின் பட்டியலில் பாலக்காடும் இருக்கிறது. இந்தச் சொல்லை இனி அடிக்கடி கேட்போம்.

சுருக்கமாகப் பொருள் இதுதான்: ஒரு தொழில் மனையை வாங்கும் முன், அல்லது அதை ஈடாக வாங்கிக் கடன் கொடுக்கும் முன், அந்த மண்ணிலும் தண்ணீரிலும் பழைய கழிவோ நச்சோ தங்கியிருக்க வாய்ப்பு உண்டா, அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பு யார் தலையில் விழும் என்று முறையாக விசாரித்து எழுதி வைப்பது. வில்லங்கச் சான்று உரிமையின் கதையைச் சொல்லும். யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், எந்த வங்கியில் அடமானம் என்பது வரை அதில் வரும். அந்த இடத்தில் முப்பது வருஷம் எதைக் காய்ச்சினார்கள், மிச்சத்தை எங்கே கொட்டினார்கள் என்பது அதில் ஒரு வரியும் வராது.

சொல்லுக்கு வருவோம். டிலிஜென்ஸ் என்பதன் வேர் லத்தீன் மொழியின் 'தீலிகெரே'. 'பிரித்தெடுத்துத் தேர்தல்' என்பது மூலப் பொருள். அதிலிருந்து 'மதித்தல், விரும்புதல்' என்று விரிந்து, விரும்பிச் செய்யும் வேலையில் காட்டும் கவனத்துக்குப் பெயராயிற்று. ட்யூ என்பது கடன்பட்டதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டும் சேர்ந்தால், ஒருவர் காட்டக் கடமைப்பட்ட அளவு கவனம். ஆங்கிலத்தில் இந்தத் தொடர் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே உண்டு. வணிக உலகில் அது ஒரு வேலையின் பெயராக மாறியது 1933-ல் அமெரிக்காவில் வந்த பங்குப் பத்திரச் சட்டத்துக்குப் பிறகு. "நியாயமான அளவு விசாரித்துத்தான் விற்றேன்" என்று காட்ட முடிந்த தரகர் பொறுப்பிலிருந்து தப்பலாம் என்று அந்தச் சட்டம் வழி வைத்தது. அந்தத் தற்காப்பைத்தான் வக்கீல்கள் ட்யூ டிலிஜென்ஸ் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

அதில் சுற்றுச்சூழல் வந்து ஒட்டிக்கொண்ட கதை வேறு. நியூயார்க் மாநிலத்தில் நயாகரா ஃபால்ஸ் நகரத்தில் லவ் கெனால் என்று ஒரு பாதியில் நின்ற கால்வாய். அதில் ஒரு ரசாயன நிறுவனம் சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்து மூடி, 1953-ல் அந்த இடத்தை உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. கீழே ரசாயனக் கழிவு இருக்கிறது, பின்னால் எங்களைக் கேட்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகும் அங்கே பள்ளிக்கூடம் எழும்பியது, சுற்றி வீடுகள் வந்தன. 1978-ல் அரசாங்கம் நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டி வந்தது. பத்திரத்தில் எழுதியிருந்தும் அதற்கு என்ன அர்த்தம் என்று நின்று விசாரிக்க ஆள் இல்லை.

அந்த அதிர்ச்சியில் பிறந்தது 1980-ம் ஆண்டுச் சட்டம். சூப்பர்ஃபண்ட் என்று சொன்னால் பலருக்கும் தெரியும். மாசுபட்ட இடத்தின் இன்றைய சொந்தக்காரரையும், கொட்டியது அவராக இல்லாவிட்டாலும், சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பாக்கியது அது. 1986-ல் ஒரு விலக்கு வந்தது: வாங்குவதற்கு முன் தகுந்த விசாரணை எல்லாம் செய்தும் தெரியவில்லை என்று நிரூபித்தால் தப்பலாம். 'தகுந்த விசாரணை' என்றால் எது, எவ்வளவு என்ற கேள்விக்குப் பதிலாக 1993-ல் ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் இ1527 என்ற வரையறை வெளியானது. கடன் கொடுத்தவர்களுக்கும் பயம் பிடித்தது. 1990-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கடனாளியின் ஆலை நிர்வாகத்தில் கை வைக்கும் அளவுக்குப் போன நிதி நிறுவனமும் பொறுப்பாகலாம் என்றது. 1996-ல் சட்டத்தைத் திருத்தி வங்கிகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தார்கள். ஆனாலும் விசாரிக்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

வேலை எப்படி நடக்கும்? முதல் கட்டத்தில் மண்ணைத் தோண்ட மாட்டார்கள். பழைய ஆவணங்கள், வரைபடங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணைகள், வந்த நோட்டீசுகள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நேரில் போய் நடப்பார்கள். நடக்கும்போது எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் சுவாரசியம். சிமெண்ட் தரையில் வட்ட வட்டமாகக் கறை இருந்தால் அங்கே டிரம் நின்றிருக்கிறது. மதில் ஓரம் ஒரு கோட்டில் மட்டும் புல் முளைக்கவில்லை என்றால் அந்தக் கோட்டில் ஏதோ வடிந்திருக்கிறது. தரையிலிருந்து ஒரு சாண் நீட்டி மூடி போட்ட இரும்புக் குழாய் இருந்தால் கீழே டீசல் டேங்க் இருக்கலாம், அது துருப்பிடித்துக் கசிந்திருக்கலாம். கழிவுநீர் ஓடையைத் தொடர்ந்து போனால் அது எந்தக் கிணற்றுப் பக்கம் போகிறது என்று தெரியும். அப்புறம் ஆட்களிடம் பேசுவது. பழைய வாட்ச்மேன், எதிரே டீக்கடை வைத்திருக்கும் சேச்சி, பக்கத்துத் தோப்புக்காரர். "அந்த மூலையில ராத்திரி லாரி வந்து கொட்டிட்டுப் போகும் தம்பி" என்ற ஒரு வாக்கியத்தை எந்த அலுவலகத்திலும் நகல் எடுக்க முடியாது.

சந்தேகம் வந்தால்தான் இரண்டாம் கட்டம். துளையிட்டு மண்ணும் நிலத்தடி நீரும் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். பேட்டரித் தொழில் நடந்த இடத்தில் ஈயம், முலாம் பூசும் பட்டறை இருந்த இடத்தில் குரோமியமும் சயனைடும், எந்திரப் பாகங்களுக்கு எண்ணெய்ப்பசை நீக்கிய இடத்தில் கரைப்பான்கள் என்று அந்தந்தத் தொழிலுக்கு ஏற்பத் தேடுவார்கள். மூன்றாம் கட்டம் என்று சொன்னால் அது சுத்தம் செய்வது. முதல் கட்ட அறிக்கையின் முக்கியப் பகுதிகள் அமெரிக்க முறைப்படி 180 நாளுக்குத்தான் செல்லும். பழைய வில்லங்கச் சான்றை வைத்துக்கொண்டு நாம் பத்திரம் பதியப் போவதில்லை அல்லவா, அதே நியாயம்தான்.

இது அமெரிக்காக்காரர்களின் தலைவலி என்று நினைப்பவர்களுக்குப் பெருமாட்டி பஞ்சாயத்து பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் சுமார் 34 ஏக்கரில் இந்துஸ்தான் கோகோ கோலா ஆலை 2000-ல் ஓடத் தொடங்கியது. கிணறு வற்றுகிறது, தண்ணீர் கெடுகிறது என்று 2002 ஏப்ரலில் மயிலம்மா போன்ற பெண்கள் முன்னால் நின்று போராட்டம் தொடங்கினார்கள். தண்ணீர்ப் பிரச்சினை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இடம் வாங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டியது அதே கதையின் இன்னொரு பகுதி. ஆலையின் கசடைச் சுற்றுப்புற விவசாயிகளுக்கு உரம் என்று கொடுத்திருந்தார்கள். 2003-ல் பிபிசி வானொலி அதைச் சோதித்துப் பார்க்க வைத்து, காட்மியமும் ஈயமும் இருக்கிறது என்று வெளியிட்டது. பிறகு கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் காட்மியத்தைக் கண்டது. நிறுவனம் தன் மேல் தவறில்லை என்றது. ஆலை 2004 மார்ச்சில் நின்றது. அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-ல் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டசபை 2011-ல் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆலை நின்ற 34 ஏக்கரை வாங்குகிறவர் எப்படியும் விசாரிப்பார். ஆனால் அப்படி உரம் இறக்கப்பட்ட ஒரு தென்னந்தோப்பை வாங்குகிறவர்? ஆதாரத்தில் தென்னை மரங்களின் கணக்கு இருக்கும், கசடு இருக்காது. ஈயமும் காட்மியமும் மக்கி மறையும் பொருள்கள் அல்ல. பக்கத்து இடங்களின் வரலாற்றையும் பார்க்க வேண்டும் என்று அந்த அமெரிக்க வரையறை வற்புறுத்துவது இதனால்தான். என்னைக் கேட்டால் நம் எல்லைப்புறத்துக்கு மிகவும் தேவையான பகுதி அதுதான்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, தனக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்கிறவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. அதைத் திருப்பிப் படித்தால், சாதாரணமாகப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் குறை வாங்குகிறவர் பாடு. மாசு செய்தவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-ல் ராஜஸ்தானின் பிச்ரி வழக்கிலும் நம் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கிலும் நிலைநாட்டியது. மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து சீர்செய்வதற்கென்றே தனி விதிகள் 2025-ல் வந்திருக்கின்றன. மாசு செய்தவர் கம்பெனியை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போயிருந்தால் கொள்கை நல்லதாக இருக்கும், ஆனால் நோட்டீஸ் ஒட்டப்படுவது இன்றைய சொந்தக்காரரின் வாசலில்.

வங்கிக்கு இதில் என்ன அக்கறை? ஆலைக்கு மூடல் உத்தரவு வந்தால் தவணை வராது. ஈடாக வைத்த இடத்தில் நச்சு என்று தெரிந்தால் அதை வாங்க ஆள் வராது. கடன் திரும்பி வராமல் வங்கி இடத்தைக் கையகப்படுத்தினால் அந்தத் தலைவலியும் கூடவே வரும். ஏல அறிவிப்பில் "உள்ளது உள்ளபடி" என்று ஒரு தொடர் இருக்கும், கவனித்திருப்பீர்கள். மண்ணில் உள்ளதும் அந்த 'உள்ளது'க்குள் அடக்கம். வங்கி ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஆலையை எடுக்கிறவர்கள்தான் இந்த விசாரணையை முதலில் செய்ய வேண்டியவர்கள். அவர்கள்தான் நேரமில்லை என்று விட்டுவிடுகிறவர்களும்.

கேரளப் பக்கம் வாங்குகிற தமிழருக்கு இன்னொன்று. தமிழில் நிலம் என்றால் எந்த இடமும் நிலம்தான். மலையாள ஆதாரத்தில் 'நிலம்' என்றால் நெல் வயல். மேட்டு மனைக்கு 'புரயிடம்'. கேரளத்தின் 2008-ம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி, டேட்டா பேங்கில் (வயல்களின் அரசுப் பட்டியலில்) உள்ள வயலை மண்ணடித்து ஷெட் போட முடியாது. பார்வைக்குக் காய்ந்த மேடாக இருந்தாலும் அடிப்படை வரிப் பதிவேட்டில் 'நிலம்' என்றிருந்தால் நின்று விசாரிக்க வேண்டும். கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) டேட்டா பேங்கைப் பார்ப்பதும், பாலக்காட்டுச் சித்தூர் பிளாக்கில் ஆழ்துளைக் கிணற்றுக்கு நிலத்தடி நீர்த் துறையின் அனுமதி கிடைக்குமா என்று கேட்பதும் இந்த ஆய்வில் சேர்ந்தவைதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உரிய விடாமுயற்சி' என்று சில இடங்களில் மொழிபெயர்க்கிறார்கள். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டியது. இடம் வாங்குகிறவருக்கு ஒன்றும் புரியாது. 'உரிய கவனம்' சட்டப் பொருளுக்குச் சரியானது. ஒருவர் காட்ட வேண்டிய கவனத்தின் அளவைச் சொல்லும்போது அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது மனநிலையின் பெயர், வேலையின் பெயராகாது. லத்தீன் வேருக்கு நேராகத் தமிழில் 'தேர்' என்ற வினை இருக்கிறது. ஆராய்தலும் தெரிந்தெடுத்தலும் அதற்குப் பொருள். கண்ணகி பாண்டியனைத் "தேரா மன்னா" என்றது தீர விசாரிக்காததற்காகத்தான். ஆனால் இன்று தேர்வு என்றால் பரீட்சை என்றோ செலக்‌ஷன் என்றோதான் காதில் விழும்.

என் தேர்வு 'சூழல் முன்னாய்வு'. வாங்கும் முன் செய்வது என்பது சொல்லிலேயே தெரிகிறது. 'சூழல் தாக்க மதிப்பீடு' என்பதோடு இதைக் குழப்பக் கூடாது. 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி செய்யும் அந்த மதிப்பீடு, வரப்போகும் திட்டம் சுற்றுப்புறத்தை என்ன செய்யும் என்று பார்ப்பது. முன்னாய்வு, நடந்து முடிந்தது இந்த இடத்தை என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்ப்பது. பேச்சில் 'மண் வில்லங்கம் பார்த்தாச்சா?' என்று கேட்டால் போதும். வில்லங்கம் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

கரார் (விற்பனை ஒப்பந்தம்) எழுதும்போது மட்டும் பேச்சுச் சொல் போதாது. 'சூழல் முன்னாய்வு' என்று எழுதிவிட்டு, மண், நிலத்தடி நீர், பழைய கழிவு என்று மூன்றையும் பெயர் சொல்லி அடுத்த வரியில் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே 'ஆய்வு' என்றிருந்தால் தாலுக்கா சர்வேயர் வந்து சங்கிலி பிடித்ததும் ஆய்வுதான் என்று வாதாட இடம் கிடைத்துவிடும். மாதிரி எடுக்கத் துளையிட விற்கிறவர் சம்மதிக்கிறார் என்பதும், முடிவு மோசமாக வந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும்.