பையனும் பெண்ணும் பேசினால் ஆசிரியர் என்ன செய்யலாம்?

"அந்தப் பையனும் பொண்ணும் எப்பப் பார்த்தாலும் ஒண்ணாவே இருக்காங்க. கொஞ்சம் கூப்பிட்டுப் பேசுங்க." பள்ளி ஆலோசகராக இருக்கும் என்னிடம் ஆசிரியர்கள் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது. சரி, அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பேன். நோட்டு மாற்றிக்கொண்டார்கள், இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள், சிரித்தார்கள். பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் புகார் என்னிடம் வருவதற்குள் இருவரையும் தூரத் தூர உட்காரவைத்து, வகுப்புக்கே விஷயத்தைத் தெரியப்படுத்தி முடித்திருப்பார்கள்.

இந்த வயது நட்புகளில் பெரும்பாலானவை வெறும் நட்புதான். அதற்குக் காதல் என்று பெயர் வைப்பது பல நேரங்களில் பெரியவர்களாகிய நாம். ஒரு தடவை அப்படிப் பெயர் வைத்துவிட்டால், நிஜமாகவே உதவி தேவைப்படும் நாளில் அந்தப் பிள்ளை நம்மிடம் வராது. என்னுடைய பெரிய கவலை அதுதான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு கையெழுத்தில் நாலைந்து வரி: "சாப்டியா?" "இல்ல, தலவலி." "மிஸ்கிட்ட சொல்லு." நோட்டைத் திருத்திய ஆசிரியை அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு அந்தப் பையன் அவள் எதிரே வந்தால் வேறு வழியாகப் போக ஆரம்பித்தான். சில மாதம் கழித்து, பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஒருவன் அவளுடைய புகைப்படத்தைப் போலியாகத் திருத்தி வைத்துக்கொண்டு மிரட்டினான். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "சொன்னா அதையும் கிளாஸ்ல படிச்சிருவாங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

தொடக்கப் பள்ளி வயதில் பையன்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக விளையாடுவார்கள். பெண்களுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும் பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவமடையும் மாற்றங்கள் தொடங்குகின்றன. அதற்குப் பிறகு அந்தப் பிரிவு மெல்லக் கலைகிறது. சிட்னி நகரப் பதின்வயதினரைக் கவனித்த டெக்ஸ்டர் டன்ஃபி, 1963இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் படிப்படியாக விவரித்தார். முதலில் தனித்தனிக் கூட்டம், பிறகு இரண்டு கூட்டமும் பழகுவது, அப்புறம் கலந்த கூட்டம், ஜோடி சேர்வது கடைசியில்தான். நாலு பேர் நடுவில் பேசிப் பழகும்போதுதான் எதிரில் இருப்பவருக்கும் ஒரு மனசு இருக்கிறது, 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான் என்பதெல்லாம் பிடிபடுகிறது. அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டால், மறைவாக, போனில், இருவர் மட்டும் பேசிக்கொள்ளும் வழிதான் மிச்சம்.

நாமே உண்டாக்கும் தூரமும் இருக்கிறது. பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, வினாடி வினா என்றால் பையன்களுக்கு எதிராகப் பெண்கள். அமெரிக்காவில் லேசி ஹிலியார்ட், லின் லிபென் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சில மழலையர் வகுப்புகளில் ஆசிரியர்கள் இரண்டு வாரம் எதற்கெடுத்தாலும் ஆண், பெண் என்று பிரித்துச் சொன்னார்கள். அந்த வகுப்புகளில் பையன்களும் பெண்களும் சேர்ந்து விளையாடுவது குறைந்தது. இரண்டு வாரத்துக்கே அப்படி!

புகார் வந்ததும் ஆசிரியர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: இதையே இரண்டு பையன்கள் செய்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா? இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். வகுப்பு நேரத்தில் வெளியே நிற்பது, பாடம் நடக்கும்போது பேசுவது என்றால் அந்த விதியைப் பற்றி மட்டும் பேசுங்கள். விதி இருவருக்கும் ஒன்றுதான். பெண்ணுக்கு மட்டும் அடக்கம் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டுப் பையனை "போடா, போய்ப் படி" என்று அனுப்பிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் இருவருமே தப்பான பாடம்தான் கற்றுக்கொள்கிறார்கள். சக மாணவர்கள் பெயர் சேர்த்துக் கத்தினால் அங்கேயே நிறுத்துங்கள். ஆசிரியரும் கூடச் சேர்ந்து சிரித்தால் அந்தக் கேலி நிற்கவே நிற்காது.

உண்மையிலேயே ஈர்ப்பு என்றாலும் பதற வேண்டியதில்லை. தனித்தனியாக, மற்றவர்கள் காதில் விழாத, ஆனால் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "அவன் கேட்டதுக்கு உன்னால மாட்டேன்னு சொல்ல முடியுதா?" என்ற கேள்வியிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. ஒருவர் வந்ததும் மற்றவர் முகம் சுருங்குவது, பழைய நண்பர்களை எல்லாம் விட்டு விலகுவது, போன் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குவது, படம் அனுப்பச் சொல்லி நெருக்குவது, 'பேசலைன்னா செத்துருவேன்' என்று மிரட்டுவது. எதிரில் இருப்பவர் வயதில் மிகவும் மூத்தவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். இவற்றை ஒழுங்கு நடவடிக்கையாகப் பார்க்காமல் பிள்ளையின் பாதுகாப்பாகப் பாருங்கள். தலைமை ஆசிரியரிடமும் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் உடனே சொல்லுங்கள்.

"வீட்ல சொல்லிடாதீங்க மிஸ்" என்று பிள்ளை கெஞ்சும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "யார்கிட்ட, என்ன சொல்லப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லலாம். வீட்டுக்கு போன் போடும் முன், அங்கே யாரிடம் சொன்னால் அடி விழாது, படிப்பு நிற்காது என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். அம்மாவா, அப்பாவா, அக்காவா என்று அதற்குத்தான் தெரியும்.