ஸ்கோப் மவுண்ட் ஸ்க்ரூ கழல மறுப்பது ஏன்?

ரைபிளில் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டை, குழல் பொருந்தியிருக்கும் உடற்பகுதியான ரிசீவரோடு சேர்த்துப் பிடித்திருப்பவை சின்னஞ்சிறு ஸ்க்ரூக்கள். அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளில் பரவலாக உள்ள 6-48 அளவை எடுத்துக்கொள்வோம்: விட்டம் 3.5 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு 48 மரைகள். இவ்வளவு சிறியது அசையாவிட்டால், இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகத்தான் கை போகும். பெரும்பாலான தலைகள் சிதைவது அப்போதுதான். ஸ்க்ரூவை உண்மையில் எது பிடித்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

முறுக்கியதும் ஸ்க்ரூவின் தண்டு மிக லேசாக நீள்கிறது. நீண்ட தண்டு மீண்டும் சுருங்கப் பார்ப்பதால்தான் மவுண்ட் ரிசீவரோடு இறுகுகிறது. இந்த ஸ்க்ரூவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் முறுக்கு ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். அதற்கே இழுவிசை தோராயமாக 250 முதல் 300 கிலோ எடைக்குச் சமமாகிவிடும். ஆனால் நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தண்டை நீட்டப் பயன்படுகிறது. பாதியளவு தலைக்கு அடியில் உரசலாகவும், மீதி மரைகளில் உரசலாகவும் போய்விடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம்மைக் காப்பாற்றப் போவது இதுதான்.

உரசலோடு இன்னும் இரண்டு பேர் கூட்டுச் சேரலாம். ஒன்று துரு. இரும்பு துருப்பிடித்தால் முன்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும், மரைகளுக்கு இடையில் அந்த இடம் இல்லாததால் இறுகிப்போகும். மற்றொன்று, ஸ்க்ரூ தானாகக் கழலாமல் இருக்கப் போடும் பசை. காற்றில் இருக்கும்வரை திரவமாகவே இருந்து, ஆக்சிஜன் எட்டாத இடுக்கில் உலோகத்தைத் தொட்டதும் கெட்டியாகும் பசை அது. வெர்னான் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் 1950களில் உருவாக்கிய லாக்டைட் இந்த வகைதான். எண்ணெயில் ஊறவைத்தால் இது கரையாது, சூடுதான் இதற்கு மருந்து. நடுத்தர வகை சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தளரும். அதைவிட வலுவான சிவப்பு வகைக்கு 250 டிகிரி வரை வேண்டும்.

வேலை தொடங்கும் முன், தோட்டா எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். ஸ்கோப்பையும் எடுத்துவிடுங்கள், சூடும் அடியும் அதற்கு ஆகாது. துப்பாக்கி அசையாதபடி மேசையில் பொருத்திய பிடிகருவியான வைஸில் மெத்தென்று பிடித்திருக்க வேண்டும்.

அடுத்து தலையின் குழியை ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்த பசையும் அழுக்கும் அடைத்திருந்தால் திருகும் முனையான பிட் பாதி ஆழம்தான் இறங்கும், அதுவே தலையைக் கெடுக்கும். ஒற்றை வெட்டுத் தலையானால் சாதாரண ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அதன் முனை ஆப்புபோலச் சரிந்திருப்பதால் வெட்டின் மேல் விளிம்பை மட்டும் தொட்டு மேலேறி வழுக்கும். பக்கங்கள் இணையாகக் கடையப்பட்ட, வெட்டில் இறுக்கமாக உட்காரும் முனைதான் வேண்டும்.

பிறகு சால்டரிங் அயர்னின் முனையை ஸ்க்ரூவின் தலையில் ஓரிரு நிமிடம் வையுங்கள். சூடு தண்டு வழியாக இறங்கி மரையை அடையும், ரிசீவர் முழுவதும் கொதிக்காது. கேஸ் டார்ச்சை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். அதன் ஜுவாலை ஆயிரம் டிகிரிக்கும் மேல். ரிசீவர் எஃகின் வலிமை வெப்பப் பதத்தில் இருக்கிறது, வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் பாகத்தில் அந்தப் பதத்தோடு விளையாடக் கூடாது. சூடு ஆறுவதற்குள் பிட்டைக் குழியில் முழுதாக இறக்கி, சிறு சுத்தியலால் தட்டிவிட்டு, கீழ்நோக்கி அழுத்தியபடியே திருப்புங்கள். துருதான் காரணம் என்றால் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு பொறுத்திருந்து, அப்புறம் தட்டுங்கள்.

இதற்குள் தலை உருண்டையாகிவிட்டதா? சரி, இன்னும் வழி இருக்கிறது. நடுவில் சென்டர் பஞ்சால் குறியிட்டு, இடப்பக்கம் சுழன்று வெட்டும் டிரில் பிட்டை மெதுவாக இறக்குங்கள். அது வெட்டும் திசையே கழற்றும் திசை என்பதால், பல நேரம் துளைக்கும்போதே ஸ்க்ரூ சுழன்று வந்துவிடும். வராவிட்டால், தண்டைவிடச் சற்றுப் பெரிய பிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிடுங்கள். தலை போனதும் அதன் அடியில் இருந்த உரசலும் போகும், நீண்டிருந்த தண்டு தளரும். மவுண்டைத் தூக்கினால் தண்டின் மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பசையை மறுபடி சூடுகாட்டிவிட்டுக் குறட்டால் பிடித்துத் திருப்பினால், சில நேரம் விரலாலேயே கழன்று வரும். தலையைத் துளைக்கப் பலரும் தயங்குகிறார்கள். என் பார்வையில், பாதி சிதைந்த தலையோடு போராடுவதைவிட இது துப்பாக்கிக்கு எவ்வளவோ பாதுகாப்பு.

துளையிட்ட ஸ்க்ரூவுக்குள் இறக்கித் திருப்பி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை இந்த அளவு ஸ்க்ரூவில் நான் பரிந்துரைக்க மாட்டேன். கூம்பு வடிவில் இருப்பதால் அது உள்ளே இறங்க இறங்க ஸ்க்ரூவை விரித்து மரையோடு இன்னும் இறுக்கும். தவிர அது மிகக் கடினமான, எளிதில் நொறுங்கும் எஃகு. உள்ளே உடைந்துவிட்டால் சாதாரண டிரில் அதை வெட்டாது, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இயந்திரத்தைத் தேட வேண்டிவரும்.

முன்பக்கத் துளையில் கூடுதல் கவனம் தேவை. பல போல்ட் ஆக்ஷன் ரைபிள்களில் அதற்கு நேர் கீழே குழலின் மரையும் தோட்டா அறையும் இருக்கின்றன. தண்டு அங்கேயே ரிசீவர் மட்டத்தில் முறிந்து நின்றால், கை டிரிலை வைத்துவிட்டு, மில்லிங் இயந்திரம் வைத்திருக்கும் துப்பாக்கித் தொழிலாளரிடம் கொடுத்துவிடுங்கள். மரையே கெட்டிருந்தால் அவர் துளையை 4.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள 8-40 அளவுக்குப் பெரிதாக்கிப் புது மரை வெட்டித் தருவார்.