எண்ணெய்த் துணியும் ஈயக் குண்டும்

பழைய துப்பாக்கிக்கு வார்த்த ஈயக் குண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் சின்னதாகத் தழும்பு இருக்கும். அச்சுக்குள் ஈயத்தை ஊற்றிய வாய் அது. உள்ளே காற்றுக் குமிழி சிக்கியிருந்தாலும் வெளியே தெரியாது. பார்வைக்கு உருண்டைதான், எடை மட்டும் எல்லாப் பக்கமும் சமமாக இருக்காது.

1670-இல் தொடங்கிய ஹட்சன் பே கம்பெனி, வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் பீவர் என்ற நீர்விலங்கின் தோலை வாங்கிக்கொண்டு துப்பாக்கி கொடுத்தது. அவற்றின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். இடப்பக்கம் பாம்பு வடிவப் பித்தளைத் தகடு இல்லையென்றால் பூர்வகுடிகள் வாங்க மாட்டார்கள். அதுதான் நல்ல சரக்கு என்பதற்கு அவர்கள் பார்த்த அடையாளம். கையுறை போட்ட விரலும் நுழையும்படி விசையைச் சுற்றியிருந்த வளையம் பெரிதாக இருந்தது. பறவைக்குப் பொடி ஈய ரவைகள், மானுக்கு ஒற்றைக் குண்டு என எதையும் போட்டுச் சுடலாம்.

ஆனால் ஒற்றைக் குண்டு தூரத்தில் குறி தவறும். இந்தத் துப்பாக்கிகளில் குண்டைக் குழலின் வாய்வழியாகத்தான் போட வேண்டும். சுலபமாக இறங்க வேண்டும் என்பதால் குண்டு குழலைவிடக் கொஞ்சம் சிறிதாக இருக்கும். சுடும்போது அது சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே வரும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ, அதைப் பொறுத்து ஏதோ ஒரு திசையில் சுழன்றபடி வெளியேறும். சுழற்பந்து காற்றில் வளைவதைக் கிரிக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே கதைதான். எந்தப் பக்கம் வளையும் என்று சுடுகிறவருக்கே தெரியாது.

சரி, சுழற்சியை நாமே கொடுத்துவிட்டால்? ரைஃபிள் செய்வது அதைத்தான். குழலின் உட்சுவரில் திருகாணிப் புரி போலப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு, தான் பறக்கும் திசையையே அச்சாக வைத்துச் சுழலும். கனமான பக்கம் ஒரு கணம் மேலே, மறுகணம் கீழே என்று மாறிக்கொண்டே இருப்பதால், குமிழியால் வரும் கோணல் ஒரே பக்கமாகச் சேராது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த ரைஃபிள்களில், பள்ளங்கள் பெரும்பாலும் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும். நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு, நொடிக்கு 400 முறைக்கு மேல் சுழலும்.

இதில் ஒரு சிக்கல். புரியைப் பிடிக்க வேண்டுமானால் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். அவ்வளவு இறுக்கமான குண்டை வாய்வழியாக இறக்க, சுத்தியலால் அடிக்க வேண்டியிருக்கும். குண்டும் நசுங்கும், நேரமும் போகும்; மானோ நிற்காது.

இதற்குத் தீர்வு கொழுப்புத் தடவிய ஒரு துண்டுத் துணி. எனக்கு இந்தத் துப்பாக்கியிலேயே மிகவும் பிடித்த பாகம் இதுதான். சற்றே சிறிய குண்டைத் துணியில் பொதிந்து, கோலால் வெடிமருந்தின்மேல் அழுத்தி இறக்குவார்கள். துணி பள்ளங்களில் அழுந்திப் புரியைப் பிடித்துக்கொள்ளும். ஈயம் இரும்பைத் தொடவே தொடாது. பின்னாலிருந்து வரும் வாயு கசியாமலும் துணி அடைக்கும். அப்புறம் இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. இந்தத் துப்பாக்கிகளின் வெடிமருந்தான கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகத்தான் மிஞ்சும். புகையாகப் போனது போக, மீதி குழலுக்குள் கசடாகப் படியும். அடுத்த குண்டை இறக்கும்போது அந்தக் கசடை மெத்தென்று ஆக்கித் துடைப்பதும் இந்தத் துணிதான்.

பென்சில்வேனியாவில் ஹென்றி குடும்பத்தாரும், லங்காஸ்டர் நகரின் லெமனும் இப்படிப்பட்ட ரைஃபிள்களை வணிகத்துக்கென்றே செய்து குவித்தார்கள். குழலின் அளவைப் பவுண்டுக் கணக்கில் சொல்வது அன்றைய வழக்கம். 'பவுண்டுக்கு 32' என்றால், ஒரு பவுண்டு ஈயத்தில் 32 குண்டு வார்க்கலாம், ஒவ்வொன்றும் 14 கிராம் என்று பொருள். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும் என்பதால் அடுப்பு நெருப்பே போதும். வேட்டையாடிய விலங்கின் உடலிலிருந்து குண்டைத் தோண்டியெடுத்து, உருக்கி மறுபடி வார்த்தவர்களும் உண்டு.

இன்றும் இவற்றைச் சுடுகிறவர்கள், சுட்டு முடித்ததும் சில மீட்டர் முன்னால் போய்த் தரையைத் தேடுவார்கள். குண்டு போய்விட்டது, துணி மட்டும் கிடக்கும். விரித்துப் பார்த்தால் நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம், சுற்றிலும் புரி பதிந்த கோடுகள். நடுவே கருகி ஓட்டை விழுந்திருந்தால் வாயு கசிந்திருக்கிறது; அடுத்த முறை கொஞ்சம் தடித்த துணியை எடுத்துக்கொள்வார்கள். கோடு கோடாகக் கிழிந்திருந்தால் குழல் வாயின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. அடுத்த முறை கொஞ்சம் தடித்த துணியை எடுத்துக்கொள்வார்கள்.