ஆய்வுக்கூட எலிக்கு என்ன பாரம் நிரப்ப வேண்டும்?

"எலியைக் கொல்றதுக்கு லைசன்ஸா? நம்ம வீட்டுப் பொறியில வாரத்துக்கு ரெண்டு விழுது, அதுக்கு யாரைப் போய்க் கேட்க?" பட்டர்வொர்த்தில் பெரியப்பா கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டோம். பினாங்கில் முதுகலை படிக்கும் அண்ணன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. எலிகளை வைத்து ஆய்வு செய்ய அனுமதி கேட்டு அவள் கொடுத்த பாரம் அந்த வாரம்தான் திரும்பி வந்திருந்தது.

விஷயம் இதுதான். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது சட்டம் 772, 2017இல் நடப்புக்கு வந்தது. ஆய்வுக்கு விலங்கே கூடாது என்று அது சொல்லவில்லை. ஆய்வு, சோதனை, கற்பித்தல் எதற்கு விலங்கைப் பயன்படுத்தினாலும் லைசன்ஸ் வேண்டும். கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டுகள் வரை சிறை, இரண்டும்கூட விழலாம்.

ஆனால் மாணவர்களுக்கு உண்மையான கெடுபிடி பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிக் குழுவிடம்தான். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய அறிவியலாளர்கள் வகுத்த மூன்று கேள்விகளைத்தான் குழு இன்னும் கேட்கிறது: விலங்கு இல்லாமல் முடியாதா, இன்னும் குறைவாகப் போதாதா, வலியைக் குறைக்க வழி இல்லையா.

இவள் 60 எலி என்று எழுதியிருந்தாள். ஏன் 60 என்று குழு கேட்டது. சீனியர் அப்படித்தான் எழுதினார் என்பதைத் தவிர அவளிடம் பதிலே இல்லை! அப்புறம் புள்ளியியல் கணக்குப் போட்டுப் பார்த்ததில் 48 போதும் என்று வந்தது. சரி, அப்படியே 12 ஆக்கிவிட்டால் இன்னும் புண்ணியம்தானே என்றால், அதுவும் தப்பு. எண்ணிக்கை போதாவிட்டால் முடிவை நம்ப முடியாது, அந்தப் 12 எலியும் வீணாகச் செத்ததுதான் மிச்சம், வேறொருவர் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டியிருக்கும். கருணை என்பது கணக்குப் பாடத்திலும் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது அங்கேதான்.

எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள் என்றும் கேட்கிறார்கள். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்த எலியை மேலும் வதைக்காமல் வலியின்றி முடித்துவிடுவேன் என்று எழுதினாள். அதற்காகத் தினமும் காலையில் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் டப்பாவில் விட்டுத் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. குழுவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதே வளாகத்தில் ஆய்வு செய்பவர்கள், இன்றைக்கு நான் உன் பாரத்தைப் பார்த்தால் நாளைக்கு நீ என்னுடையதைப் பார்ப்பாய். வெளியாள் ஒருவர் உட்கார்ந்து "இது எதுக்குங்க?" என்று வெகுளியாகக் கேட்டால்தான் சில பாரங்கள் ஆட்டம் காணும், பெரியப்பா மாதிரி யாராவது.

இரண்டாவது முறை வந்த கேள்வி ஒன்றே ஒன்று: பொது விடுமுறையில் எடை பார்ப்பது யார்? தன் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"அப்போ தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரமாட்டியா?" என்றார் பெரியப்பா.

"எலிங்களைப் பார்த்துட்டு வரேன், தாத்தா."