ஸ்டீரியோடைப்னா என்ன, அதுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

வேலைக்கு சேர்ந்த புதுசுல சென்னைல வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சேன். ஒரு வீட்டுல அந்தம்மா கேட்டைக்கூட முழுசா திறக்கல, "பேச்சிலரா தம்பி? பேச்சிலருக்கு குடுக்குறதில்லப்பா, குடிச்சிட்டு கூத்தடிப்பாங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. என் பேரு என்ன, என்ன வேலை பாக்குறேன், குடிப்பேனா மாட்டேனா, எதுவுமே அவங்களுக்கு தேவைப்படல. ஏன்னா பேச்சிலர்னா இப்படித்தான்னு ஒரு படம் அவங்க மனசுல ஏற்கனவே ரெடியா இருந்துச்சு, என் மூஞ்சிய பாத்ததும் அதை எடுத்து என் மேல ஒட்டிட்டாங்க. அந்தப் படத்துக்குத்தான் சமூக உளவியல்ல ஸ்டீரியோடைப்னு பேரு.

இந்த வார்த்தை உளவியல்ல பொறந்தது இல்ல, பிரஸ்ல பொறந்தது. கிரேக்கத்துல ஸ்டீரியோஸ்னா கெட்டியானது, திடமானது, டைபோஸ்னா அழுத்தி பதிச்ச தடம் (பாட்டு கேக்குற ஸ்டீரியோவுல வர்றதும் அதே ஸ்டீரியோஸ்தான்). 1790கள்ல பாரிஸ்ல ஃபிர்மேன் டிடோன்னு ஒரு அச்சுக்காரர் லாகரிதம் அட்டவணை அச்சடிக்க வேண்டியிருந்தப்ப, தன்னோட முறைக்கு இந்தப் பேரை வெச்சாரு. லாகரிதம் அட்டவணைன்னா பக்கம் பக்கமா வெறும் நம்பர், ஈய எழுத்த ஒவ்வொண்ணா கோத்து அடிக்கிறப்ப ஒரு எழுத்து கழண்டு மாறி விழுந்தாலும் மொத்தக் கணக்கும் போச்சு. அதனால ஒரு பக்கத்த ஒரு தடவை சரியா கோத்து, பிழை திருத்தி, அப்படியே முழுப் பக்கத்தையும் ஒரே கெட்டித் தகடா மாத்திட்டா அதுக்கப்புறம் எதுவும் நகராதுல்ல.

இந்த முறைய பின்னாடி பேப்பர் ஆபீஸ்லாம் பெரிய அளவுல எடுத்துக்கிச்சு. கம்போசிட்டர் கோத்து வெச்ச பக்கத்து மேல ஈரக் காகித அட்டைய வெச்சு அழுத்தி அச்சு எடுப்பாங்க, அது காஞ்சதும் அதுல உருக்குன ஈயக் கலவைய ஊத்துவாங்க, ஆறுனதும் ஒரே தகடு. அத வெச்சு ஆயிரக்கணக்குல அடிக்கலாம், கோத்த எழுத்தெல்லாம் பிரிச்சு அடுத்த வேலைக்கு எடுத்துக்கலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. கோத்த எழுத்துல தப்பு இருந்தா ஒரு எழுத்த உருவிட்டு இன்னொண்ணு சொருகலாம், தகடுல தப்பு இருந்தா அந்த இடத்த வெட்டி எடுத்து புதுசா ஒரு துண்டு பத்த வைக்கணும். அதனால தகடுல இருக்குற தப்ப திருத்துறது லேசான வேலை இல்ல.

இந்த வார்த்தைய மனுஷ மனசுக்கு கொண்டு வந்தது அமெரிக்க பத்திரிகையாளர் வால்டர் லிப்மன், 1922ல வந்த பப்ளிக் ஒப்பீனியன்ங்கற அவரோட புத்தகத்துல. பத்திரிகைக்காரருக்கு பிரஸ் தகடு ஞாபகம் வந்ததுல ஆச்சரியமில்ல. அவர் சொன்னது, நாம பாத்துட்டு முடிவு பண்றதில்ல, முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் பாக்குறோம். உலகம் ரொம்ப பெருசு, எல்லாத்தையும் நேர்ல பாத்து தெரிஞ்சுக்க யாருக்கும் நேரமில்ல, அதனால தலைக்குள்ள சில படங்கள வெச்சுக்கிட்டு ஓட்டுறோம்னாரு. அதாவது இது கெட்டவங்களுக்கு மட்டும் வர்ற நோய் இல்ல, எல்லார் மூளையும் செய்ற சுருக்குவழி. எனக்கு அந்த வீட்டுக்காரம்மா மேல இருந்த கோவம் இத படிச்சப்பதான் கொஞ்சம் தணிஞ்சுது.

1933ல டேனியல் கேட்ஸ், கென்னத் பிரேலின்னு ரெண்டு பேர் இத அளந்தே பாத்தாங்க. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல 100 மாணவர்கள்கிட்ட 84 குணங்களோட பட்டியல குடுத்து, ஜெர்மன்காரங்க, இத்தாலிக்காரங்க, கறுப்பினத்தவங்கன்னு 10 இனங்களுக்கு எது எது பொருந்தும்னு கேட்டாங்க. ஜெர்மன்காரங்கன்னா விஞ்ஞான புத்தின்னு 78 சதவீதம் பேர் சொன்னாங்க. துருக்கிக்காரங்கள கொடூரமானவங்கன்னு கிட்டத்தட்ட பாதிப் பேர் சொன்னாங்க, அந்தப் பசங்கள்ல எத்தனை பேர் ஒரு துருக்கிக்காரரோட உக்காந்து டீ குடிச்சிருப்பாங்க? பழகி வந்த அபிப்ராயமா இருந்தா ஆளுக்கு ஒண்ணு சொல்லியிருக்கணும், இங்க எல்லாரும் ஒரே தகடுல அடிச்ச மாதிரி சொன்னாங்க.

இதுல ஜெர்மன்காரங்களுக்கு கெடச்சது நல்ல பேருங்கறதையும் கவனிங்க. ஸ்டீரியோடைப் கெட்டதாத்தான் இருக்கணும்னு இல்ல. கோயமுத்தூர்க்காரங்க மரியாதையா பேசுவாங்கங்கறதும் ஸ்டீரியோடைப்தான், மதுரைன்னா அருவாங்கறதும் ஸ்டீரியோடைப்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். முத்திரை குத்துறதுன்னு சிலர் எழுதுறாங்க, ஆனா அது செய்ற காரியம், மனசுல இருக்குற படத்த அது சொல்லல. பொதுமைப்படுத்தல்னா இன்னும் தூரமா போயிடுது, அறிவியல்ல கூட பொதுமைப்படுத்தித்தான் ஆகணும். வார்ப்புரு நல்ல வார்த்தை, மூல வார்த்தைக்கு ரொம்ப கிட்ட வருது, ஆனா கம்ப்யூட்டர் பக்கம் டெம்ப்ளேட்டுக்கு அது புழங்கிடுச்சு. தப்பெண்ணம்னு சிலர் போடுறாங்க, அதுதான் பெரிய குழப்பம், ஏன்னா தப்பெண்ணம் ப்ரெஜுடிஸுக்கு உரியது.

பேச்சிலர் கதையவே எடுத்துக்குங்க. பேச்சிலர்னா குடிப்பாங்கன்னு நம்புறது ஸ்டீரியோடைப். அதனால பேச்சிலர்னாலே ஆகாது, பாத்தாலே எரிச்சல்ங்கறது தப்பெண்ணம். வீடு கிடையாதுன்னு கேட்ட சாத்துறது பாகுபாடு. நம்பிக்கை, உணர்ச்சி, செய்கைன்னு மூணும் வேற வேற, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு கட்டாயம் இருக்கும்னும் இல்ல. மூணையும் ஒரே வார்த்தைல போட்டா எதை சரி பண்ணணும்னே தெரியாம போயிடும்.

எனக்கு பிடிச்சது வார்ப்பெண்ணம். வார்க்குறதுன்னா ஊத்துறது, தோசை வார்க்குறோம், கோயமுத்தூர் பக்கம் ஃபவுண்டரிய வார்ப்படத் தொழில்னு சொல்றாங்க. உருக்கி ஊத்தி கெட்டியான எண்ணம், டிடோவோட தகடு அப்படியே உள்ள இருக்கு, தப்பெண்ணத்துக்கு பக்கத்துல வெச்சா ஜோடியாவும் நிக்குது.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நம்மகிட்ட பழமொழி இருக்கே, அது வார்ப்பெண்ணத்துக்கு ஆதரவு இல்லையான்னு ஒரு நண்பர் கேட்டாரு. அது சோத்துக்கு சரி, ஒரே அரிசி, ஒரே தண்ணி, ஒரே அடுப்பு. மனுஷங்க ஒரே பானைல வேகல.

வார்ப்பெண்ணம் சட்டமாவே ஆன கதை நம்ம ஊர்லயே இருக்கு. சில சாதிகள்ல பொறந்தாலே திருடங்கதான்னு 1871ல வெள்ளைக்காரங்க வட இந்தியாவுல குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டாங்க, 1911ல அது சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. பிறமலைக் கள்ளர் உட்பட பல சாதிகள அதுல சேர்த்தாங்க. கைரேகை பதியணும், ராத்திரியானா போலீஸ்ல ஆஜராகணும், அதனால மக்கள் அதுக்கு ரேகைச் சட்டம்னே பேர் வெச்சாங்க. ஒருத்தர் என்ன செஞ்சாருன்னு யாரும் கேக்கல, எங்க பொறந்தாருன்னு மட்டும் கேட்டாங்க. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர் ஜனங்க ரேகை பதிய மாட்டோம்னு நின்னாங்க, 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதுல 16 பேர் செத்துப் போனாங்க.

சென்னை மாகாணத்துல 1947லயும் நாடு முழுக்க 1952லயும் சட்டம் போச்சு. அந்த ஜனங்கள அப்புறம் என்னன்னு கூப்பிடுறதுங்கற கேள்வி வந்துச்சு. இங்கிலீஷ்ல டீநோட்டிஃபைடுன்னு வெச்சாங்க, அதாவது பட்டியல்ல இருந்து பேர் எடுக்கப்பட்டவங்க. அந்தப் பேர்ல பழைய பட்டியல் இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு, பேர சொல்றப்பலாம் முன்னாடி அதுல இருந்தவங்கன்னும் சேர்த்தே சொல்லுது. தமிழ்ல சீர்மரபினர்னு வெச்சாங்க, சீரான மரபு உள்ளவங்க. அதுல பட்டியல பத்தி ஒரு எழுத்து கூட இல்ல.