சுத்தமான மண்ணில் குட்டையாகிப்போன எலுமிச்சைக் கன்று

கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் ஆரஞ்சு, எலுமிச்சை நாற்றங்கால் வைத்திருந்தவர்களுக்கு ஒரு காலத்தில் தீராத குழப்பம். விதை போடுவதற்கு முன் மீத்தைல் புரோமைடு வாயுவை மண்ணுக்குள் செலுத்துவார்கள். நூற்புழு, வேரழுகல் கிருமி, களை விதை எல்லாம் ஒழிந்துவிடும். அவ்வளவு சுத்தமான பாத்தியில் கன்று கிடுகிடுவென வளர வேண்டும் அல்லவா? முளைத்து நாலு இலை விட்டதோடு சரி, வெளுத்துப்போய் அப்படியே நின்றுவிடும். வாயுவின் நஞ்சு மண்ணில் தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது. ஆனால் அதே பாத்தியில் அங்கங்கே சில கன்றுகள் மட்டும் பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றன. நஞ்சென்றால் அவற்றை மட்டும் விட்டுவைக்குமா?

1972இல் கிளைன்ஷ்மிட், கெர்டமன் என்ற ஆய்வாளர்கள் இருவர் இதற்கு விடை சொன்னார்கள். குட்டைக் கன்றுகளுக்கு வாய்க்காத ஒரு கூட்டாளி செழித்த கன்றுகளின் வேருக்குள் இருந்தது. அது ஒரு பூஞ்சை. கெட்டதைக் கொல்லப் போட்ட வாயு நல்லதையும் சேர்த்தே கொன்றிருந்தது. நம் ஊர் விவசாயிகள் ‘வேம்’ என்று பாக்கெட்டில் வாங்குவது இந்தப் பூஞ்சை வகையைத்தான்.

பூஞ்சை இல்லாவிட்டால் கன்று ஏன் நின்றுபோகிறது? மணிச்சத்துதான், அதாவது பாஸ்பரஸ்தான் காரணம். தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரோடு ஓடிவரும். மணிச்சத்து அப்படி வராது. களிமண்ணிலும் சுண்ணாம்பிலும் இரும்பிலும் ஒட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே கிடக்கும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சித் தீர்த்துவிட்டால், அதற்கு அப்பால் எவ்வளவு கிடந்தாலும் எட்டாது. நெல், கோதுமைக்காவது அடர்த்தியான வேர்த்தூவிகள் உண்டு. எலுமிச்சை இனத்துக்கு அதிலும் பஞ்சம். தூவிகள் குட்டை, எண்ணிக்கையும் குறைவு.

பூஞ்சை இழையோ தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாதது. வேர் நுழைய முடியாத மண் துளைக்குள்ளும் புகுந்து, பல சென்டிமீட்டர் தள்ளிக் கிடக்கும் மணிச்சத்தை, கூடவே துத்தநாகத்தையும் தாமிரத்தையும், எடுத்துவந்து வேருக்குள் இறக்குகிறது. அது இறக்கும் இடம் அழகானது. வேரின் செல்லுக்குள் நுழைந்து குட்டி மரம்போலக் கிளைத்து நிற்கும். சில நாட்களில் அந்த மரம் வாடிவிடும், வேறு செல்லில் புதிதாக ஒன்று முளைக்கும்.

சும்மா யார் சுமப்பார்கள்? கூலியாகக் கன்று சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கிறது. இலை தயாரிக்கும் உணவில் ஐந்தில் ஒரு பங்குவரை இதற்கே போகலாம். இந்தப் பூஞ்சையால் கொழுப்பு அமிலத்தைச் சொந்தமாக ஆக்கிக்கொள்ள முடியாது என்பது 2017இல் உறுதியானது. உயிருள்ள வேரை அது சார்ந்திருப்பதால்தான், சோளம், மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் ஏற்றி அதைப் பெருக்குகிறார்கள்.

மணிச்சத்துக்கு ஏங்கும் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிட்டுப் பூஞ்சையைக் கூப்பிடுகிறது. இதை ஒட்டுக்கேட்கும் திருடனும் உண்டு. சோளக்காட்டில் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லியின் விதை, இதே வாசம் பிடித்துத்தான் முளைக்கிறது.

இனி பாக்டீரியா. பூஞ்சை நல்ல சுமைதூக்கி, ஆனால் கெட்டிப்பட்ட மணிச்சத்தைக் கரைப்பதில் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. அந்த வேலையைப் பாசில்லஸ், சூடோமோனாஸ் போன்றவை குளூக்கோனிக் அமிலம் மாதிரியான அமிலங்களைச் சுரந்து செய்கின்றன. அவற்றில் சில, பூஞ்சை இழைமேலேயே குடியிருந்து இழையில் கசியும் சர்க்கரையைத் தின்று வாழ்கின்றன. கரைப்பவன் ஒருவன், சுமப்பவன் ஒருவன். அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா பாக்கெட்டைத் தழைச்சத்துக்காக வாங்குகிறோம். என் கணக்கில், கன்றுக்கு அது செய்யும் பெரிய உதவி வேறு: ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து பக்கவேர்களைத் தூண்டிவிடுவது. இன்னும் சில பாக்டீரியா, வாட்டத்தில் கன்று எத்திலீன் வாயுவை ஆக்கப் பயன்படுத்தும் மூலப்பொருளைத் தின்றுவிடும். எத்திலீன் கூடினால் வேர் வளர்ச்சி தடைப்படும். அதனால் பிடுங்கி நடும் சமயத்தில் இது பெரிய உபகாரம்.

நம் நாற்றங்காலில் வாயு அடிப்பது அரிது. ஆனாலும் இதே தவறை வேறு வழியில் செய்கிறோம். ஆழத்தில் தோண்டிய செம்மண்ணைப் பையில் நிரப்புகிறோம். மேல்மண்ணில் இருக்கும் அளவு பூஞ்சை வித்துகள் அதில் இருக்காது. மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அள்ளிப் போடுகிறோம். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் கன்று பூஞ்சைக்குக் கதவைச் சாத்திவிடும். வேம் போட்ட கையோடு பூஞ்சைக்கொல்லியையும் ஊற்றுபவர்களை என்ன சொல்ல? விதைக்கும்போதே, முளைவேர் தொட்டுக்கொண்டு போகும்படி விதைக்குச் சற்றுக் கீழே வேமை இட்டால்தான் பலன். மேலாகத் தூவினால் வேர் அதைச் சந்திக்கவே நாளாகும்.

வேரில் பூஞ்சை பிடித்ததா என்று கன்றைப் பிடுங்கிப் பார்த்தாலும் தெரியாது. நுனிவேரைக் கொஞ்சம் நறுக்கிக் காரக் கரைசலில் சூடாக்கி, டிரிப்பான் நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். பிடித்திருந்தால் செல்லுக்குள் அந்தக் குட்டி மரங்கள் நீலநீலமாகத் தெரியும்.