இரண்டாவது கியரில் கேட்கும் ‘கர்ர்ர்’: ஒரு பழைய போர்ஷே கியர் பாக்ஸுக்குள்

பழைய போர்ஷே 911 ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானது. முதல் கியரில் இழுத்துவிட்டு இரண்டாவதுக்கு மாற்றும்போது ‘கர்ர்ர்’ என்று உள்ளங்கை வரை ஏறும் நறநறப்பு. பல்சக்கரங்கள் மோதிக்கொள்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1972 முதல் 1986 வரை 911-இல் இருந்த 915 என்ற கியர் பாக்ஸில், முன்னே போவதற்கான ஐந்து ஜோடிப் பல்சக்கரங்களும் எப்போதும் கோர்த்தபடியேதான் சுற்றுகின்றன. கியர் மாற்றும்போது அவை இடம் மாறுவதே இல்லை.

நகர்வது ஸ்லீவ் என்கிற வளையம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தண்டின்மேல் ஊசி பேரிங்கில் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். அதன் பக்கத்தில் வரிசையாகச் சின்னக் கூர்ப்பற்கள். தண்டோடு சுற்றும் ஸ்லீவ் நகர்ந்துபோய் அந்தப் பற்களைப் பிடித்துக்கொண்டால் கியர் விழுந்துவிட்டது என்று அர்த்தம். பிடிக்கும் கணத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால்தான் அந்தச் சத்தம்.

பல 915-களில் முதல் கியரின் விகிதம் 3.18, இரண்டாவது 1.83. அதாவது, வெளியேறும் தண்டு ஒருமுறை சுற்ற எஞ்சின் பக்கத் தண்டு அத்தனை முறை சுற்ற வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் இருக்கும்போது மாற்றினால், கிளட்ச் தட்டும் அதோடு சேர்ந்து சுற்றும் தண்டும் கிட்டத்தட்ட 2,900-க்கு இறங்கியாக வேண்டும். கண் சிமிட்டும் நேரத்தில் 2,100 சுற்றைக் குறைக்க வேண்டும்! மேல் கியர்களில் இந்த இடைவெளி சிறியது. அதனால்தான் இரண்டாவது முதலில் தேய்கிறது.

வேகத்தைக் குறைக்க ஒரு பிரேக் வேண்டுமல்லவா? சின்க்ரோ ரிங் என்பது அந்தப் பிரேக்தான். போர்ஷே 1952-இலேயே தன் 356 காரில் கொண்டுவந்த அமைப்பு இது. எனக்கு இந்தக் காரிலேயே மிகப் பிடித்த பாகம். மற்ற கார்களில் பெரும்பாலும் கூம்பு வடிவப் பித்தளை வளையம் இருக்கும். இங்கே இருப்பது ஓரிடத்தில் வெட்டுப்பட்ட எஃகு வளையம், வெளிப்பக்கம் மாலிப்டினம் பூச்சு. ஸ்லீவ் அதன்மேல் ஏறப் பார்க்கும்போது உராய்வு வளையத்தைச் சுற்றுவாக்கில் இழுக்கும். வளையத்தின் முனை உள்ளே உள்ள சிறு கட்டையைத் தள்ள, கட்டை ஒரு பட்டையைத் தள்ள, பட்டை வளையத்தையே வெளிப்பக்கம் விரிக்கும். ஸ்கூட்டர் டிரம் பிரேக்கில் லைனிங் தானே இறுகுவது போலத்தான். வேக வித்தியாசம் இருக்கும்வரை வளையம் விரிந்து நின்று ஸ்லீவுக்கு வழிவிடாது. வேகம் சமமானதும் இழுப்பு அற்றுப்போய், வளையம் சுருங்கி, ஸ்லீவ் வழுக்கி உள்ளே போய்விடும்.

இதனால்தான் அளவுக்கு மீறி வழுக்கும் ஆயில் இந்தப் பெட்டிக்கு ஆகாது. ஆயில் பல்லைக் காக்க வேண்டும், ஆனால் வளையத்தின் பிடியை விட்டுவைக்க வேண்டும்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சின் ஓட, கிளட்சை முழுதாக மிதித்துச் சில நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. அப்போதும் கரகரத்தால் கிளட்ச் சரியாக விடவில்லை. பெட்டியைப் பிரித்துப் பயனில்லை. கியர் லீவரிலிருந்து பின்னால் போகும் கம்பியின் இணைப்பில் உள்ள புஷ் என்கிற சிறு உறை தேய்ந்திருந்தாலும் பெட்டிதான் போய்விட்டது என்று தோன்றும். இந்த இரண்டையும் பார்க்காமல் பெட்டியை இறக்குவது வீண் செலவு.

சரி, இறக்கியாகிவிட்டது. ஆயில் வடிக்கும் காந்த போல்ட்டில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை. மினுங்கும் சில்லுகள் இருந்தால்தான் கவலை. பழைய வளையத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியது மங்கலாக, நகத்தால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். பழையதன் நடுவில் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு பட்டை. அப்புறம் கூர்ப்பற்கள். புதிதில் ஒவ்வொன்றும் வீட்டுக் கூரை முகடு மாதிரி கூர்மையாக இருக்கும்; தேய்ந்தவை மழுங்கி உருண்டிருக்கும். அதன்மேல் புது வளையத்தை மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் பழைய சத்தமே திரும்பும். ஸ்லீவின் உள்விளிம்பையும் பார்த்து, தேய்ந்ததை எல்லாம் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பேரிங்குகளுக்கு உறையைச் சூடாக்கினால் அலுமினியமோ மக்னீசியமோ எஃகைவிட அதிகம் விரியும். பேரிங் சுத்தியல் இல்லாமலே இறங்கும். பினியன் என்பது தண்டின் முனையில் உள்ள சிறு பல்சக்கரம். அந்தத் தண்டின் ஷிம்களை வந்த வரிசையிலேயே எடுத்து வையுங்கள். அந்த மெல்லிய தகடுகள்தான் பினியன் பற்கள் பெரிய சக்கரத்தில் எந்த ஆழத்தில் பொருந்தும் என்று முடிவு செய்கின்றன. ஆழம் தவறினால், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஊளையிடும்.

உறையை மூடும் முன், ஸ்லீவைப் பிடித்து நகர்த்தும் கவைகளான ஃபோர்க்குகளைச் சரிசெய்வது கடைசி வேலை. ஸ்லீவ் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், நியூட்ரலிலும் புது வளையத்தை உரசிக்கொண்டே இருக்கும். சரியாக நின்றால், ஒரு கையால் தண்டைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் ஸ்லீவைத் தள்ளிப் பாருங்கள். வளையத்தின்மேல் ஏறும், ஒரு கணம் தயங்கி நிற்கும், பிறகு ‘டக்’ என்று விழும்.